பெண்கள் தாங்கிய பொதுவாழ்வு – 14: மிஸ் ஷ்லெசின்

சின்னாளபட்டியில் டாக்டர் சௌந்தரம் தொடங்கிய சிறிய மகப்பேறு நிலையம் காந்திகிராமத்துக் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்த கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். 1944 பிப்ரவரி 22 அன்று ஆகாகான் மாளிகைச் சிறையில் கஸ்தூரிபா கண்மூடினார். அவர் நினைவாக நாடெங்கும் திரட்டிய நிதியிலிருந்து ஓர் அறக்கட்டளை உருவானது. அதன் தமிழ்நாட்டுப் பிரதிநிதியாகச் சௌந்தரம் பொறுப்பேற்றார். அந்த வழியில்தான் நம் திண்டுக்கல் பக்கத்து மருத்துவமனைக்கு அந்தப் பெயர் வந்தது. நாகல் நகரிலிருந்து பேருந்தேறிப் போய் அங்கே பிள்ளை பெற்றுத் திரும்பிய தாய்மார் பலர் இந்தத் தொடரைப் படித்துக்கொண்டிருக்கலாம்.

கஸ்தூரிபா முதல்முறை சிறைக்குப் போனது 1913-இல், தென்னாப்பிரிக்காவில். நேட்டால் மாகாணத்து மாரிட்ஸ்பர்க் சிறை. அங்கே அவருடன் இருந்த பெண்களில் பெரும்பாலோர் தமிழச்சிகள். நாகல் நகர்க்காரர்களுக்கு அந்தச் சிறையறையை மனத்தில் கொண்டுவருவது எளிது. வீட்டுக்குள் சௌராஷ்டிரம், வாசலுக்கு வந்தால் தமிழ் என்று வாழ்கிற தெருக்கள் இவை. கத்தியவாரிலிருந்து வந்த குஜராத்திப் பெண் ஒருத்தியும், ஜோகன்னஸ்பர்க்கில் காய்கறிக் கூடை சுமந்தவர்களின் மனைவியரும் ஒரே தொட்டியில் சிறைத் துணி துவைத்தார்கள். சாப்பாடு வாயில் வைக்க முடியாதபடி இருந்தது. தனக்கு ஒத்த உணவு கேட்டுக் கஸ்தூரிபா பட்டினி கிடந்தார். தமிழ்ப் பெண்களில் ஆறு பேர் கைக்குழந்தையோடு கிளம்பி வந்தவர்கள்.

இந்தக் காட்சியை நம் பாடப்புத்தகங்கள் ஓரளவு சொல்கின்றன. தில்லையாடி வள்ளியம்மை பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெண்கள் ஒருநாள் காலையில் திடீரென்று எழுந்து சிறைக்குப் போய்விடவில்லை. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. 1909-இல் ஜோகன்னஸ்பர்க்கில் தொடங்கிய டிரான்ஸ்வால் இந்தியப் பெண்கள் சங்கம் அது. உறுப்பினர்களில் மிகப் பலர் தமிழ்ப் பெண்கள். சங்கத்தின் செயலாளர் தமிழரும் இல்லை, இந்தியரும் இல்லை. இருபத்தொரு வயது யூதப் பெண். பெயர் சோன்யா ஷ்லெசின். இந்த அத்தியாயம் அவரைப் பற்றியது.

ஷ்லெசின் 1888-இல் மாஸ்கோவில் பிறந்தார். லித்துவேனிய வழி வந்த யூதக் குடும்பம். அன்றைய ரஷ்யப் பேரரசில் யூதர்கள் எங்கே குடியிருக்கலாம், எங்கே கூடாது என்பதற்குச் சட்டம் இருந்தது. அவர்களுக்கென்று ஒதுக்கிய மேற்கு எல்லைப் பகுதிக்கு வெளியே வாழத் தனி அனுமதி வேண்டும். 1891-இல் மாஸ்கோவிலிருந்து ஆயிரக்கணக்கான யூதர்களை அரசு வெளியேற்றியது. ஷ்லெசின் குழந்தையாக இருந்தபோதே அவர் குடும்பம் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறியது.

வந்த இடத்திலும் யூதர்களை அப்படியே வரவேற்றுவிடவில்லை. கேப் மாகாணத்தில் 1902-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், இறங்குகிறவர்களுக்கு ஓர் ஐரோப்பிய மொழி எழுதத் தெரிய வேண்டும் என்றது. கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசும் இத்திஷ், எபிரேய எழுத்தில் எழுதப்படுவதால், ஐரோப்பிய மொழிதானா என்ற கேள்வி எழுந்தது. மோரிஸ் அலெக்சாண்டர் என்ற இளம் யூத வழக்கறிஞர் போராடி, 1906-இல் இத்திஷை ஏற்கச் செய்தார். அதே 1906-இல்தான் டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் பத்து விரல் ரேகை பதித்துப் பதிவு செய்ய வேண்டும் என்ற கறுப்புச் சட்டத்தின் வரைவு வந்தது. பக்கத்துப் பக்கத்து மாகாணங்கள். ஒரு சமூகத்துக்குக் கதவு திறந்த ஆண்டில் இன்னொன்றுக்கு அது சாத்தப்பட்டது.

யூத சமூகம் முழுவதும் இந்தியர் பக்கம் நின்றது என்று சொல்வது பொய்யாகிவிடும். கதவு திறந்த பிறகு வெள்ளையரோடு வெள்ளையராகக் கரைந்துபோகவே பலரும் விரும்பினார்கள். யூத அமைப்புகள் ஒதுங்கி நின்றன. தனியாட்களாக வந்தவர்கள் ஒரு கைவிரலுக்குக் கொஞ்சம் மேல்: கட்டடக் கலைஞர் ஹெர்மன் கல்லன்பாக், பத்திரிகையாளரும் வழக்கறிஞருமான ஹென்றி போலாக், லூயிஸ் ரிச், நகை வியாபாரி கேப்ரியல் ஐசக், துணிக்கடை நடத்திய வோகல், அவர் மனைவி, ஷ்லெசின். இவ்வளவு சிறிய கூட்டத்திலிருந்து எவ்வளவு வேலை நடந்திருக்கிறது என்பதுதான் என்னை இந்த அத்தியாயத்தை எழுத வைத்தது.

காந்தியின் ஜோகன்னஸ்பர்க் வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சுக்கும் சுருக்கெழுத்துக்கும் மிஸ் டிக் என்ற ஸ்காட்லாந்துப் பெண் இருந்தார். அவர் திருமணமாகிப் போனதும் வேறு ஆள் தேவைப்பட்டது. கல்லன்பாக் ஷ்லெசினை அழைத்துவந்தார். இந்தப் பெண்ணை இவள் தாய் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார், கெட்டிக்காரி, நேர்மையானவள், ஆனால் குறும்பும் துடுக்கும் அதிகம், சமாளிக்க முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாராம். அப்போது ஷ்லெசினுக்குப் பதினேழு வயது. தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, ஆண்களைப் போலக் காலரும் டையும் கட்டிக்கொண்டு அலுவலகம் வருவார். இரவு எத்தனை மணியானாலும் துணைக்கு ஆள் வேண்டாம் என்று தனியே நடந்து வீட்டுக்குப் போவார். துணைக்கு அனுப்புகிறேன் என்று சொன்னவர்களுக்குத் திட்டு விழும்.

சம்பள விஷயத்தில் அவர் நடந்துகொண்ட விதத்தைக் காந்தி தம் நூல்களில் மறக்காமல் எழுதிவைத்திருக்கிறார். தொடக்கத்தில் மாதம் ஆறு பவுன். வேலையும் பொறுப்பும் பல மடங்கு கூடியபோதும் பத்து பவுனுக்கு மேல் ஒரு காசு வாங்க மறுத்துவிட்டார். கூடுதலாகத் தருகிறேன் என்றால் கோபம் வரும். சம்பளத்துக்காக இங்கே இருக்கவில்லை, உங்கள் இலட்சியம் பிடித்திருக்கிறது, உங்களோடு வேலை செய்யப் பிடித்திருக்கிறது, அதனால் இருக்கிறேன் என்பது அவர் பதில். ஒருமுறை அவசரமாக நாற்பது பவுன் தேவைப்பட்டபோது கடன் என்று சொல்லித்தான் பெற்றார். பல ஆண்டுகள் கழித்து, காந்தி இந்தியாவில் சுயசரிதை எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அந்தப் பணம் முழுவதும் திரும்பி வந்து சேர்ந்தது.

1909-இல் ஷ்லெசின் வழக்கறிஞராக விரும்பினார். காந்தியிடம் பயிற்சி எழுத்தராகப் பதிவு செய்ய விண்ணப்பம் போனது. டிரான்ஸ்வால் வழக்கறிஞர் கழகம் மறுத்தது. பெண்ணை அப்படிச் சேர்த்த முன்மாதிரி கிடையாதாம். தென்னாப்பிரிக்காவில் பெண்கள் சட்டத் தொழில் செய்யலாம் என்று சட்டம் வர 1923 வரை ஆனது. விரல் ரேகையைக் காட்டி இந்தியரைத் தடுத்த அதே ஊரில், பெண் என்பதைக் காட்டி இவரைத் தடுத்தார்கள். கழகம் கதவைச் சாத்திய அந்த ஆண்டில்தான் பெண்கள் சங்கத்தின் செயலாளராக அவர் அமர்ந்தார் என்பதை நான் தற்செயலாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தச் சங்கத்துக்கு என்ன வேலை? இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். போராட்ட வரலாறுகள் அவசரமாகத் தாண்டிப் போகிற இடம் இது.

டிரான்ஸ்வாலில் அப்போது ஏறத்தாழ 13,000 இந்தியர்கள். தமிழர்கள் எண்ணிக்கையில் குறைவு, சிறைக்குப் போனதில் முன்னணி. தம்பி நாயுடு பத்து முறைக்கு மேல் சிறை சென்றவர். பெரும்பாலான தமிழ் ஆண்கள் தெருத்தெருவாகக் காய்கறி, பழம் விற்பவர்கள். அனுமதிச் சீட்டைக் காட்ட மறுத்தால் கைது. ஒரு மாதம், மூன்று மாதம், வெளியே வந்த மறுவாரம் மறுபடி உள்ளே. 1910-இல் அரசு இன்னொரு கொடுமையைத் தொடங்கியது. போராளிகளைக் கப்பலேற்றிச் சென்னைக்கு நாடுகடத்தினார்கள். சென்னையில் இறங்கியவர்களைப் பதிப்பாளர் ஜி.ஏ. நடேசன் கவனித்துக்கொண்டார். ஜோகன்னஸ்பர்க்கில் விட்டுவந்த மனைவி மக்களை யார் கவனிப்பது?

அன்றாடம் கூடை சுமந்து அன்றாடம் வாங்கிச் சமைக்கிற வீடு அது. ஆண் சிறைக்குப் போன மறுநாளே அடுப்பு அணையும். மாதக் கடைசியில் வாடகைக்காரர் வருவார். குழந்தைக்குக் காய்ச்சல் வரும். தமிழ் தவிர வேறு மொழி தெரியாத பெண், ஆங்கிலம் மட்டும் பேசும் சிறை அதிகாரியிடம் கணவனைப் பார்க்க அனுமதி கேட்க வேண்டியிருக்கும். எந்த வீட்டில் எத்தனை பேர், எவ்வளவு தேவை, யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யாருக்குச் சேரவில்லை என்ற கணக்கு ஒருவர் கையில் இருக்க வேண்டும். ரத்தன் டாட்டா 25,000 ரூபாய் அனுப்பினார், இந்தியாவிலிருந்து மேலும் நன்கொடைகள் வந்தன. அந்தப் பணம் வீடு வீடாகப் பிரிந்து அரிசியாகவும் வாடகையாகவும் மாறுகிற இடத்தில் ஷ்லெசின் இருந்தார்.

கணவன் கைதான அன்று நகைகளைக் கழற்றி வைத்த தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். போராட்டம் முடியும்வரை அணிவதில்லை என்பது அவர்கள் முடிவு. ஜோகன்னஸ்பர்க்கில் இருந்த ஒரு குடும்பத்துக்கு நகை என்றால் சேமிப்பு, அவசரத்துக்குக் கைகொடுக்கும் முதல். நம்மூரில் கழுத்தில் கிடப்பதை அடகுக் கடைக்குக் கொண்டுபோகிறவளுக்கு அது என்னவென்று தெரியும். அவற்றைக் கழற்றியவர்களைத் தயவுக்குக் காத்திருந்த ஏழைகளாகப் பார்க்க என்னால் முடியவில்லை. சங்கம் அவர்களுடையது. ஷ்லெசின் அந்தச் சங்கத்துக்கு எழுதினார், கணக்குப் பார்த்தார், ஓடினார்.

திருமதி வோகல் செய்தது இன்னொரு வகை வேலை. துணிக்கடைக்காரரின் மனைவியான அவர் இந்தியப் பெண்களுக்குத் தையல் வகுப்பு எடுத்தார். 1911-இல் ஜோகன்னஸ்பர்க்கில் இந்தியப் பெண்கள் நடத்திய சந்தை ஒன்றுக்கு அவர்தான் மூலகாரணம். ஷ்லெசினும் கூடவே உழைத்தார். பெண்கள் தைத்தவற்றையும் பின்னியவற்றையும் அடுக்கிவைத்து விற்றார்கள். இந்தியாவிலிருந்தும் கைவேலைப் பொருட்கள் கேட்டு வாங்கினார்கள். அதற்கு முன்வரை வெள்ளைக்காரச் சீமாட்டிகளும் தமிழ்ப் பெண்களும் ஒரே கூடத்தில் எதிரெதிரே நின்று பேசியது அபூர்வம். வாசலில் கூடைக்காரனாக மட்டும் இந்தியரைப் பார்த்த ஊர், அன்று மேசைக்குப் பின்னால் விலை சொல்லும் பெண்களைப் பார்த்தது. போலாக்கின் மனைவி மில்லி கிரஹாம் போலாக் பிறப்பால் கிறித்தவர், யூதக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவர். அவரும் இந்தப் பெண்களுக்கிடையே வேலை செய்தார். காந்தியோடு ஒரே வீட்டில் வாழ்ந்த நாட்களைப் பின்னர் புத்தகமாக எழுதினார்.

உலகின் பல ஊர்களில் அந்தக் காலத்து யூதப் பெண்கள் இப்படியான வேலையில்தான் இருந்தார்கள். ஏழைப் பெண்ணின் கல்யாணச் செலவைப் பகிர்ந்துகொள்வது, நோயாளியை வீட்டுக்கே போய்ப் பார்ப்பது, இறந்த பெண்ணின் உடலைக் குளிப்பாட்டி அடக்கத்துக்கு ஆயத்தம் செய்வது என்று அவர்கள் சமூகத்துக்குள்ளேயே நெடுங்காலப் பழக்கம் உண்டு. 1893-இல் நியூயார்க்கின் குடியேறிகள் நெரிசலில் லில்லியன் வால்ட் வீடு தேடிப் போகும் செவிலியர் பணியைத் தொடங்கினார். 1904-இல் ஜெர்மனியில் பெர்தா பாப்பன்ஹைம் யூதப் பெண்கள் கூட்டமைப்பைத் தொடங்கினார். ஷ்லெசினை அவர்களிடமிருந்து பிரிப்பது ஒன்று உண்டு. அவர் தன் சமூகத்தின் ஏழைகளிடம் போகவில்லை, தன் மதத்தின் பெயராலும் போகவில்லை. தன் மொழி பேசாத, தன் கடவுளைக் கும்பிடாத தமிழ்க் குடும்பங்களின் வாசலுக்குப் போனார்.

வீடு வீடாகப் பணம் பிரித்துக் கொடுப்பதில் சிக்கல்கள் வந்தன. கணக்கில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் கையிருப்பு கரைந்தது. எல்லாக் குடும்பங்களும் ஓரிடத்தில் சேர்ந்து வாழ்ந்து உழைப்பதுதான் வழி என்ற முடிவுக்குக் காந்தி வந்தார். 1910 மே 30 அன்று கல்லன்பாக் தம் 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையின்றிக் கொடுத்தார். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல், ஆயிரம் பழமரங்கள், இரண்டு கிணறுகள், ஒரு சிறு வீடு. அதுவே டால்ஸ்டாய் பண்ணை. தமிழ்க் குடும்பங்கள் அங்கே குடியேறின. பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனிக் கட்டடம், ஒரே சமையல், அவரவர் தட்டை அவரவர் கழுவுவது. பொது வேலையாகப் போனால் மட்டும் ரயில், அதுவும் மூன்றாம் வகுப்பு. சொந்த வேலைக்கு நகரம் போகிறவர்கள் விடியற்காலை இரண்டு மணிக்குக் கிளம்பி நடப்பார்கள்.

சிறைக்குப் போகப் பெண்கள் முன்பே கேட்டிருந்தார்கள். கணவன்மார் சீட்டில்லாமல் கூடை தூக்கிக் கைதானபோது, நாங்களும் வருகிறோம் என்றார்கள். அந்நிய நாட்டில் பெண்களைச் சிறைக்கு அனுப்புவது சரியாகாது என்று காந்தி நிறுத்திவைத்தார். 1913 மார்ச்சில் நீதிபதி சர்ல் கொடுத்த தீர்ப்பு அந்தத் தயக்கத்தைத் துடைத்துவிட்டது. கிறித்தவ முறைப்படி நடக்காத, பதிவு செய்யாத திருமணங்கள் சட்டப்படி செல்லாது என்ற நிலை வந்தது. தாலி கட்டிக் குடும்பம் நடத்திய பெண்ணைச் சட்டம் மனைவி இல்லை என்றது.

இதனோடு மூன்று பவுன் வரியும் சேர்ந்துகொண்டது. ஒப்பந்தம் முடிந்தும் நேட்டாலில் தங்கும் கூலிக்காரர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு மூன்று பவுன் கட்ட வேண்டும். பதினாறு வயது மகனுக்கும் பதின்மூன்று வயது மகளுக்கும் தனித்தனியே வரி. நான்கு பேர் உள்ள வீட்டுக்குப் பன்னிரண்டு பவுன். அந்தக் குடும்பத் தலைவனின் சம்பளம் மாதம் சராசரி பதினான்கு ஷில்லிங்குக்கு மேல் போகாது என்று காந்தி எழுதுகிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆண்டு முழுவதும் உழைத்தாலும் எட்டரைப் பவுனுக்குள். வரி மட்டும் பன்னிரண்டு.

1913 செப்டம்பரில் கஸ்தூரிபா உள்ளிட்ட, காந்தியின் ஃபீனிக்ஸ் பண்ணையைச் சேர்ந்த குழு டிரான்ஸ்வால் எல்லை தாண்டிக் கைதானது. அடுத்து டால்ஸ்டாய் பண்ணையோடு பழகிய பதினோரு ஜோகன்னஸ்பர்க் பெண்கள் கிளம்பினார்கள். ஒருவர் தவிர எல்லோரும் தமிழர். தம்பி நாயுடுவின் மனைவி வீரம்மாள் அவர்களில் ஒருவர். வெரீனிகிங்கில் எல்லை தாண்டினார்கள், போலீஸ் தொடவில்லை. சீட்டில்லாமல் கூடை விற்றார்கள், அப்போதும் தொடவில்லை. பிறகு நேட்டாலுக்குள் புகுந்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போனார்கள். அங்கே லாசரஸ் என்ற தமிழ்க் கிறித்தவர் குடும்பம் அவர்களுக்கு இடம் கொடுத்தது. இடுப்பில் பிள்ளையோடு சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளில் நின்று, மூன்று பவுன் வரி போகும்வரை வேலைக்குப் போகாதீர்கள் என்று இந்தப் பெண்கள் தமிழில் சொன்னார்கள். அக்டோபர் நடுவில் வேலைநிறுத்தம் வெடித்தது. அதன்பிறகுதான் அரசு விழித்தது. அக்டோபர் 21 அன்று கைது, மூன்று மாதத் தண்டனை, மாரிட்ஸ்பர்க் சிறை.

நான்கு ஆண்டுகள் சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்தவர்கள், கணவன் இல்லாத மாதங்களில் வீட்டை நடத்தியவர்கள், அந்நிய ஊர்க் கூடத்தில் கடை விரித்துப் பழகியவர்கள் சுரங்க வாசலில் நின்று பேசினார்கள். சேலையைப் பிரித்துப் பார்க்கிறவர் கண்ணில் தார் சுற்றிக் கொடுத்தவள் தெரிவதில்லை என்பது நாகல் நகருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1909-க்கும் 1913-க்கும் இடையில் நடந்தது அந்தத் தார் சுற்றும் வேலை. அது இல்லாமல் நியூகாசில் நடந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நவம்பர் 6 அன்று 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் சார்லஸ்டவுனிலிருந்து டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தார்கள். தலைக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி, ஓர் அவுன்ஸ் சர்க்கரை. வழியில் ஒரு குழந்தை குளிரில் இறந்தது. இன்னொன்று ஓடையைத் தாண்டும்போது தாயின் கையிலிருந்து நழுவி வெள்ளத்தில் போனது. தாய்மார் நடையை நிறுத்தவில்லை. சில நாட்களுக்குள் காந்தி, போலாக், கல்லன்பாக் மூவரும் சிறையில்.

வெளியே மிச்சமிருந்தவர்களில் ஷ்லெசின் ஒருவர். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. ஆயிரக்கணக்கான வேலைநிறுத்தக்காரர்கள், அவர்கள் குடும்பங்கள், இந்தியாவிலிருந்து கோகலே அனுப்பும் பணம், லண்டனுக்கும் இந்தியாவுக்கும் போகும் தந்திகள், சிறையில் இருப்பவர்களுக்கான கடிதங்கள், ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகை எல்லாம் அவர் மேசைக்கு வந்தன. தலைவர்கள் எல்லோரும் சிறையிலிருந்த நாட்களில் அவர் தனியாகப் போராட்டத்தை நடத்தினார், ஒருநாளும் சலிக்கவில்லை என்று காந்தி எழுதியிருக்கிறார். ஓராண்டுக்கு முன், 1912-இல், தென்னாப்பிரிக்கா வந்த கோகலே காந்தியின் கூட்டாளிகள் ஒவ்வொருவரையும் எடைபோட்டுப் பார்த்தார். இந்தியர், ஐரோப்பியர் எல்லோரிலும் அவர் முதலிடம் கொடுத்தது ஷ்லெசினுக்கு. அவ்வளவு தியாகத்தையும் தூய்மையையும் அச்சமின்மையையும் வேறு எவரிடமும் அரிதாகவே கண்டதாகச் சொன்னார். தம்பி நாயுடுவும் போராட்டத்தில் முன்னின்ற காச்சாலியாவும் கல்லன்பாக்கும் இருந்த பட்டியலில் இந்த முடிவுக்கு வந்தவர் கோகலே என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1914 ஜூலையில் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. மூன்று பவுன் வரி ஒழிந்தது. திருமணங்கள் செல்லுபடியாயின. அதைப் பார்க்க வள்ளியம்மை இல்லை. பதினாறு வயதில் சிறைக்குப் போய், உயிரைக் குடிக்கும் காய்ச்சலோடு வெளியே வந்து, அந்த ஆண்டு பிப்ரவரி 22 அன்று இறந்துவிட்டார். சரியாக முப்பது ஆண்டுகள் கழித்து அதே பிப்ரவரி 22-இல் கஸ்தூரிபா இறந்தார். வள்ளியம்மைக்கு ஒரு மண்டபம் கட்டுவதென்று தென்னாப்பிரிக்க இந்தியர்கள் தீர்மானம் போட்டார்கள். காந்தி தம் சத்தியாக்கிரக வரலாற்றை எழுதும்வரை அது எழும்பவில்லை. சென்னை எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் தலைமையகத்துக்குத் தில்லையாடி வள்ளியம்மை மாளிகை என்று பெயர் வைத்தது தமிழ்நாடு. நம் கைத்தறி நெசவாளர்களின் கூட்டுறவு நிறுவனம் அது. கூட்டுறவுச் சங்கத்துக்கு நெய்து கொடுத்த நாகல் நகர் வீடுகளுக்கு அந்தப் பெயர் பழகியதுதான்.

ஷ்லெசினுக்குத் தமிழ்நாட்டில் எந்தக் கட்டடமும் இல்லை. அவர் அதைப் பற்றி நினைத்திருக்கவும் மாட்டார். ஆனால் தமிழில் எழுதப்படும் வள்ளியம்மை வரலாறுகளில் ஒரு வரியாவது அவருக்கு இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நம் குடும்பங்களின் அடுப்பெரிய நான்கு ஆண்டுகள் கணக்கெழுதியவரை நாம் மறந்தது சரியில்லை.

1914 ஜூலை 18 அன்று காந்தி தென்னாப்பிரிக்காவை விட்டுக் கிளம்பினார். ஷ்லெசின் அங்கேயே இருந்துவிட்டார். வேலை செய்துகொண்டே படித்துப் பட்டம் வாங்கினார், முதுகலையும் முடித்தார். க்ரூகர்ஸ்டார்ப் நகரத்துப் பள்ளியில் நெடுங்காலம் லத்தீன் கற்பித்தார். காந்திக்குக் கடிதம் எழுதுவதை விடவில்லை, கண்டிப்பதையும் விடவில்லை. 1909-இல் சாத்திய கதவு அவர் மனத்தில் ஆறவே இல்லை போலும். அறுபது வயதைத் தாண்டிய பிறகு, ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சட்டம் படிப்பதற்காகப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் போனார். கஸ்தூரிபாவும் தமிழ்ப் பெண்களும் துணி துவைத்த சிறை இருந்த அதே ஊர். படிப்பை முடிக்க உடல்நிலை இடம் கொடுக்கவில்லை. 1956-இல் ஜோகன்னஸ்பர்க்கில் இறந்தார்.

அடுத்த இதழில் பம்பாய்க்குப் போகிறோம். காமா மருத்துவமனைக்குத் தலைமையேற்ற பெனே இஸ்ரேல் யூத மருத்துவர் ஜெருஷா ஜிராத்.